அந்தரத்தில் ஒரு வாசல்

"திருடன் எந்த வழியா வெளிய போனான்?" என்று பாண்டிச்செல்வி கேட்டாள்.

ஜவுளிக்கடை லட்சுமிகாந்தம் அண்ணாச்சி விரலை நீட்டினார். அவர் காட்டிய திசையில் ஒரு கதவு திறந்து கிடந்தது. கதவுக்கு வெளியே தெருப் பக்கம் நீண்டிருந்த ஒரு கான்கிரீட் திட்டு. திட்டுக்கு அப்பால் சிவகாசியின் ஆகாயம். வேறு ஒன்றுமில்லை.

அருள்பாண்டி திட்டின் விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்தான். கீழே ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு சின்னதாகப் போனான். அருள்பாண்டி பின்பக்கமாகவே நடந்து வந்து கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அக்கா, திருடனுக்கு றெக்கை இருக்கு. கேஸ் முடிஞ்சது. போயிச் சாப்பிடுவோம்."

"நீ சும்மா இரு லே" என்றாள் பாண்டிச்செல்வி.

போலீஸ் வேலையை உதறிவிட்டு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள் அவள். காலண்டர் ஆர்டர் பிடிக்க ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த அருள்பாண்டியை, அவன் வாய்க்காகவே உதவியாளாகச் சேர்த்துக்கொண்டாள். அந்த வாயை மூடச் சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பாதி நாள் போய்விடுகிறது.

காணாமல் போனது நகையுமில்லை, பணமுமில்லை. ஒரு மாதிரிக் கட்டடம்.

பஸ் ஸ்டாண்டில் படியேறினால், வெயில் படாமல், வண்டிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்து ஓடாமல், கட்டடங்களின் மாடி வழியாகவே நடந்து போய் மார்க்கெட்டில் இறங்கிவிடலாம். அப்படி ஒரு நடைமேம்பாலம் ஊருக்கு வரப்போகிறது. அது எந்தெந்தக் கட்டடத்தைத் தொடுகிறதோ, அந்தக் கட்டடங்கள் மாடியில் பொதுமக்களுக்கு வழி விடவேண்டும். லட்சுமிகாந்தத்தின் புதுக் கட்டடம் அதில் ஒன்று. எதிர்ச்சாரியில் சோலையம்மாளின் காலண்டர் அச்சகம் இன்னொன்று. இரண்டையும் தெருவுக்கு மேலே பாலம் இணைக்கும். பாலம் உட்காருவதற்கு வசதியாக இரண்டு கட்டடத்திலிருந்தும் ஆளுக்கொரு திட்டு நீட்டி வார்த்துவிட்டார்கள். நடுவில்தான் இன்னும் பாலம் வரவில்லை.

இந்த அமைப்பு முழுவதையும் ஒரு கல்யாணப் பந்தி மேஜை அளவுக்கு அட்டையில் செய்து, முதல் மாடி ஹாலில் வைத்திருந்தார்கள். செய்தது அண்ணாச்சியின் மகள் ரோஷினி. கட்டடக் கலை படித்தவள். இந்தக் கட்டடமே அவள் வரைந்த முதல் கட்டடம்தான். சாயங்காலம் பாலக் கமிட்டி வந்து அந்த மாதிரியைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால், நாளைக்கே பாலத்துக்கு இரும்பு இறங்கும்.

"காலைல பூஜை போட்டுட்டு வந்து பாக்கேன், மேஜை மொட்டையா நிக்கி" என்றார் அண்ணாச்சி. அவர் கழுத்துத் துண்டு வேர்வையில் நனைந்திருந்தது. "மாடிப்படி இன்னும் முழுசா கட்டி முடியல. இருக்கிற படி ஒரு ஆளு ஒருச்சாய்ச்சு ஏறத்தான் காணும். அந்த மாதிரி அதுல எறங்காது. எம்பிள்ள இங்கன இருந்தேதான் அத ஒட்டுனா."

"பாப்பா எங்க?"

"மதுரைக்குப் போயிருக்கா. கமிட்டிக்காரவுகளுக்குக் குடுக்க என்னமோ வாங்கணும்னு போன்ல சொன்னா. அவளுக்கு இன்னும் விசயம் தெரியாது. எப்படிச் சொல்லுவேன்?" அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும். எதுத்தாப்புல இருக்காளே, சோலையம்மா. என் கடை போர்டு அவ அச்சாபீஸ் போர்ட மறைக்குதுன்னு எங்கூடப் பேசுறதே இல்ல. பாலம் வந்தா சனம் நேரா என் கடைக்குள்ள வந்து எறங்கும்ல? அந்த வயித்தெரிச்சல்."

"அப்ப அந்த அம்மா அங்கனருந்து தூண்டில் போட்டு இழுத்துட்டாகளா?" என்றான் அருள்பாண்டி.

அண்ணாச்சி அவனை முறைத்தார். பாண்டிச்செல்வி காதில் வாங்காத மாதிரி ஹாலைச் சுற்றி வந்தாள். கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். உடைக்கவில்லை, உள்ளிருந்து நீக்கியிருந்தது. மேஜைக்கடியில் குனிந்தாள். பிறகு கதவு நிலையின் இடுக்கிலிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

ஒரு தீக்குச்சி. பச்சை மருந்துத் தலை. இடுப்பில் துணி நூலால் ஒரு சேலை.

"இது மாதிரியில இருந்த பொம்மை. பாலத்துல நடந்து போற ஆளுக்குத் தீக்குச்சிய வச்சிருந்தா" என்றார் அண்ணாச்சி. அவர் கண் கலங்கியது.

குச்சிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் கிடந்தது. புல் மாதிரி மெல்லிசான ஒரு காகித இழை. அதில் வரிசையாகச் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்புக் கட்டங்கள்.

அதை மட்டும் அருள்பாண்டிக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. "காலண்டர் கட்டிங். அச்சடிச்ச தாளோட ஓரத்த வெட்டித் தள்ளுவாகள்ல, அது. மூட்டை மூட்டையா வரும்."

"சொன்னேன்ல!" என்று அண்ணாச்சி துண்டை உதறினார். "காலண்டர் யாரு அடிக்கா? சோலையம்மாதான!"

"பொறுங்க அண்ணாச்சி. மாதிரி போக இந்த ஹால்ல வேற எதுவும் காணாமப் போச்சா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். யோசித்தார். "பசை டப்பா. கத்தி. பிள்ள வச்சிருந்த இரும்பு ஸ்கேலு. ஒண்ணையும் காணல. களவாணிப் பய, பசையக்கூட விடலயே!"

பாண்டிச்செல்வியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனதை அருள்பாண்டி பார்த்தான். அந்தச் சிரிப்பு வந்தால் அவளுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். அவனிடம் சொல்லமாட்டாள் என்றும் அர்த்தம்.

கீழே இறங்கியதும் மாடிப்படியின் அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி செல்லச்சாமியிடம் போனாள்.

"மேல இருந்து யாரும் எறங்கி வந்தாகளா?"

"ஒரு ஈ, காக்கா எறங்கல தாயி. காலைல இருந்து இந்த ஸ்டூல விட்டு நான் எந்திரிக்கல."

"சாமானோட எறங்கலயா, இல்ல யாருமே எறங்கலயா?"

"யாருமேதான். சத்தியமா."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றாள் பாண்டிச்செல்வி. செல்லச்சாமி திருதிருவென்று விழித்தான். ஒருவரும் இறங்கவில்லை என்பதில் என்ன நல்லது என்று அருள்பாண்டிக்கும் விளங்கவில்லை.

எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் ராக்கப்பன் கிளாஸைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"களவா? என் கண்ணு முன்னால எப்படிம்மா நடக்கும்? காலைல இருந்து தெருவுல வித்தியாசமா ஒண்ணுமே இல்ல."

"வித்தியாசம் இல்லாதது என்னென்ன நடந்துச்சு?"

ராக்கப்பன் யோசித்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். "பால் வந்துச்சு. ஸ்கூல் பிள்ளைக போச்சு. முனியராசு லாரி வந்துச்சு, அச்சாபீஸ் கட்டிங் மூட்டை ஏத்துனாக. ரெண்டு பேரு மேல நின்னு தார்ப்பாய் போட்டாக. லாரி போச்சு. தினமும் நடக்கிறதுதான்."

"மேல நின்னவுக மூஞ்சியப் பாத்தீகளா?"

"லோடு மேல நிக்கிறவன் மூஞ்சிய யாரும்மா பாப்பா?"

அருள்பாண்டியின் கையிலிருந்த டீ அப்படியே நின்றது. மெதுவாகத் தலையை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த திட்டுகளைப் பார்த்தான். நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தான். அந்த இடைவெளியில் ஒரு லாரியை மனதுக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். அதன் மேல் மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினான்.

"அக்கா! லாரிதான் பாலம்! பாலம் கட்டுறதுக்கு முன்னாலயே ஒருத்தன் அதுல நடந்து போயிட்டான்!"

"ஒருத்தன்னு எப்படிச் சொல்லுத?" என்று கேட்டுவிட்டு, அவள் போனை எடுத்து முனியராஜைக் கூப்பிட்டாள். மிச்ச மூட்டைகளை ஏற்ற மத்தியானம் மறுபடி அதே லாரி வரும் என்று தெரிந்தது.

வந்தது. ஆமத்தூர்க்காரன் முனியராஜ், துப்பறியும் ஆளைக் கண்டதும் வேர்த்துப்போய், ஸ்டியரிங்கைவிட்டு இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டான். மூட்டைகள் ஏறின. ஏற ஏற லாரி வளர்ந்தது. கடைசி அடுக்கு ஏறி முடிந்தபோது, அது சரியாக அண்ணாச்சியின் மாடித் திட்டுக்குச் சமமாக நின்றது. பஸ்ஸில் ஏறுவதைவிடச் சுலபமாகக் கால் வைக்கலாம். பாண்டிச்செல்வி அருள்பாண்டியை மறுபடி மாடிக்குக் கூட்டிப் போய் அந்தத் திட்டில் நிறுத்தினாள்.

"போ" என்றாள் பாண்டிச்செல்வி.

"யாரு?"

"நீதான். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாத்துட்டு வா."

"அக்கா, எங்க வீட்டுல நான் ஒரே பிள்ள."

"அதான் அம்புட்டுச் செல்லம் குடுத்துக் கெடுத்திருக்காக. போ லே."

அருள்பாண்டி கண்ணை மூடிக்கொண்டு மூட்டை மேல் கால் வைத்தான். முழங்கால் வரைக்கும் உள்ளே போனது. தவழ்ந்தான். காகிதத் துணுக்குகள் மூக்கில் ஏறின. தும்மினான். கீழே டீக்கடையில் நின்ற பத்துப் பேரில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதில் அவனுக்கு அந்த நிலைமையிலும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஒரு வழியாக எதிர்த் திட்டைக் கையால் தொட்டு, புரண்டு ஏறி, அச்சகத்து மாடிக் கதவைத் தள்ளினான்.

உள்ளே காலண்டர் கட்டுகளுக்கு நடுவே தரையில் அந்த மாதிரிக் கட்டடம் இருந்தது. அதன் முன்னால் சம்மணம் போட்டு, விரலெல்லாம் பசையோடு, வாயில் ஒரு தீக்குச்சியைக் கவ்வியபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு சோலையம்மாள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வா தம்பி" என்றாள் சோலையம்மாள். "எம்புட்டு நேரம்! சீக்கிரமே வந்துருவீகன்னுல நெனச்சேன்."

அருள்பாண்டி அந்தப் பெண்ணைப் பார்த்தான். அண்ணாச்சியின் கடையில் கல்லாவுக்கு மேலே பட்டமளிப்பு உடையில் மாட்டியிருந்த அதே முகம்.

"நீங்க... மதுரைக்குப் போகலயா?"

ரோஷினி வாயிலிருந்த தீக்குச்சியை எடுத்தாள். "இல்ல."

பாண்டிச்செல்வி தெருவைக் கடந்து, கீழ்வாசல் வழியாக, மேல்மூச்சு வாங்காமல் வந்து சேர்ந்தாள். அருள்பாண்டிக்கு அது அநியாயமாகப் பட்டது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"ஒடைக்கப் போறவனுக்குப் பசை எதுக்கு லே? பசையும் ஸ்கேலும் கொண்டு போனா, ஒட்டப் போறாகன்னு அர்த்தம். செல்லச்சாமிகிட்ட எறங்குனது யாருன்னுதான் எல்லாரும் கேட்டாக, ஏறுனது யாருன்னு கேக்கல. இப்ப எறங்கும்போது நான் கேட்டேன், காலைல மொதலாளி மக ஏறுனாளாம். ஆனா யாருமே எறங்கலன்னு அவரு சத்தியம் பண்ணுதாரு. அப்ப பாப்பா எப்படி மதுரைக்குப் போச்சு?" அவள் ரோஷினியின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "சொல்லும்மா. நீ செஞ்சத நீயே எதுக்குத் திருடுன?"

ரோஷினி மாதிரியில் பாலத்தின் கால்களுக்கு அடியில் ஒட்டுப் போட்டு உயர்த்திக்கொண்டிருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"நான் வரைஞ்சப்போ பாலம் இதுக்கு ஒரு ஆள் உயரம் மேல இருந்துச்சுக்கா. அங்கனருந்து கடைக்குள்ள சாய்தளம் எறங்கும். தள்ளுவண்டியில வர்றவுக, பிள்ளை தூக்கிட்டு வர்றவுக, எல்லாரும் படியில்லாம வரலாம். அதுக்கு ஹால்ல பாதி இடம் போகும். அப்பாவுக்கு அது பிடிக்கல. நான் மெட்ராசுக்கு ஒரு வேலையாப் போயிருந்தப்ப, கொத்தனாருகிட்டச் சொல்லி திட்ட கடைத் தளத்துக்குச் சமமா எறக்கி வார்த்துட்டாரு. இந்த அத்தையும் ஒண்ணும் தெரியாம, அதே மட்டத்துல வார்க்கச் சொல்லிட்டாக. அப்புறம் மாதிரியையும் மாத்தச் சொன்னாரு. மாத்தினேன்."

"கமிட்டி எஞ்சினியரு அளந்து பாக்க மாட்டாரா?" என்றான் அருள்பாண்டி.

"பாப்பாரு. சட்டப்படி லாரி எம்புட்டு உயரம் இருக்கணுமோ, அதுக்கு மேல பாலம் இருக்கு. சரின்னு எழுதிருவாரு. ஆனா காலண்டர் சீசன்ல ஏத்துற லோடு எம்புட்டு உயரம்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. சட்டத்துல அப்படி ஒரு லோடே கிடையாது. தெருவுல மட்டும்தான் இருக்கு."

சோலையம்மாள் வெற்றிலையை அடக்கிக்கொண்டு சிரித்தாள். "நேத்து என் லோடு அந்தத் திட்டுக்குச் சமமா நிக்கிறத இந்தப் பிள்ள மாடியில இருந்து பாத்துட்டு அழுதுச்சு. எனக்கே அப்பத்தான் ஒறைச்சது. பாலம் வந்தா என் காலண்டர் எப்படி வெளிய போகும்?"

"காலண்டர் போகாட்டிப் பரவாயில்லத்தை" என்றாள் ரோஷினி. இப்போது அவள் குரல் மாறியிருந்தது. "தெரு முக்குல வரிசையாப் பட்டாசுக் கடை. தீபாவளி நேரத்துல ஒரு லாரி பாலத்துல இடிச்சுச் சிக்கி நின்னுருச்சுன்னு வைங்க. அந்த நேரம் பாத்து அங்க ஏதாவது பத்துச்சுன்னா, தீயணைப்பு வண்டி எந்த வழியா உள்ள வரும்? அந்தப் பாலத்துல என் பேரு இருக்கும்."

அருள்பாண்டிக்குச் சொல்ல ஒரு வேடிக்கையும் வரவில்லை. இந்த ஊரில் அந்தக் கேள்வியை வைத்து யாரும் வேடிக்கை பேசுவதில்லை.

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"மூணு தடவை. படிச்சது நீ, வியாபாரம் பாக்கிறவன் நான்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதான் கமிட்டி வர்றதுக்குள்ள நிசமான உயரத்துக்குத் திருத்தி வச்சிரலாம்னு தூக்கிட்டு வந்தேன். தார்ப்பாயப் போத்தி, முனியராசண்ணன் ஒரு பக்கம் பிடிச்சாரு. இன்னும் கொஞ்ச நேரம் குடுங்கக்கா."

"நேரம் தாரேன். ஆனா அவருக்குத் தெரியாம திருத்துனா நீ களவாணியாத்தான் ஆவ. அவரு திட்டும் அதே ஒசரத்துலதான் நிக்கும்" என்றாள் பாண்டிச்செல்வி. எழுந்து சேலையைத் தட்டினாள். "காதுல ஏறாதவருக்குக் கால் வழியாத்தான் சொல்லணும். அருளு, லாரிய எடுக்க வேண்டாம்னு முனியராசுகிட்டச் சொல்லு."

லட்சுமிகாந்தம் அண்ணாச்சி மாடித் திட்டுக்கு வந்தபோது, பாண்டிச்செல்வி கதவோரம் நின்றிருந்தாள்.

"அண்ணாச்சி, மாதிரி கிடைச்சிருச்சு. பத்திரமா இருக்கு. திருடன் போன வழியக் காட்டுதேன், வாங்க. மூட்டை மேல கால வைங்க."

அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். திட்டிலிருந்து ஒரே எட்டு. மூட்டை மேல் நின்றார். எதிர்த் திட்டைப் பார்த்தார். "அடேயப்பா! இவ்வளவு சுளுவா! களவாணிப் பயலுக்கு மூளையப் பாத்தீகளா?"

"இப்ப நீங்க எங்கன நிக்கீக?"

"லாரி மேல."

"பாலம் எங்கன வரும்?"

"இங்கனதான். இந்தத் திட்டுல இருந்து அந்தத் திட்டுக்கு..." என்று கையை நீட்டி ஒரு கோடு போட்டார். கோடு அவருடைய முழங்கால் வழியாகப் போனது. கை பாதியில் நின்றது. குனிந்து தன் காலைப் பார்த்தார். காலுக்குக் கீழே மூட்டை. மூட்டைக்குக் கீழே லாரி.

பின்னால் இன்னொரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அதற்கும் பின்னால் ஒரு வேன், இரண்டு ஆட்டோ. தெரு நிறைந்தது. அண்ணாச்சி திரும்பித் தெருக் கோடி வரைக்கும் பார்த்தார். அங்கே பட்டாசுக் கடைகளின் போர்டுகள் வரிசையாகத் தெரிந்தன. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று அருள்பாண்டி கவனிக்கவில்லை. பார்த்தபோது இல்லை.

"இத யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

எதிர்க் கதவு திறந்தது. கையெல்லாம் பசையோடு ரோஷினி திட்டில் வந்து நின்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள். அப்பாவும் மகளும் லாரி அகலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பா, நான்தான் எடுத்தேன்."

அண்ணாச்சி மூட்டைகளின் மேல் தட்டுத்தடுமாறி நடந்து அந்தப் பக்கம் போனார். ஒருமுறை கால் புதைந்து விழப்போனார். ரோஷினி குனிந்து பசைக் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு ஏறினார்.

உள்ளே போய் மாதிரியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சோலையம்மாள் வைத்த காபியை என்னவென்று பார்க்காமலே குடித்தார். உயர்த்திய பாலம், அதிலிருந்து கடைக்குள் இறங்கும் சாய்தளம், தெருவிலிருந்து யாரும் ஏறிவர ஒரு லிஃப்ட். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கடைசியில், "ஹால்ல பாதி போயிருமோ?" என்று மட்டும் கேட்டார்.

"பாதிதான்ப்பா."

"சரி."

சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். மூட்டை லாரி மேலேயே திரும்பி வந்த மாதிரி மேஜையில் இருந்தது. பசை இன்னும் முழுசாகக் காயவில்லை. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"அண்ணாச்சி, காலைல என்னமோ களவு போயிருச்சுன்னு ஊரெல்லாம் பேச்சா இருந்துச்சே?"

அருள்பாண்டி வாயைத் திறந்தான். பாண்டிச்செல்வி அவன் காலை மிதித்தாள்.

"களவா?" என்றார் லட்சுமிகாந்தம். "யாரு சொன்னா? எம்மக திருத்துறதுக்கு எடுத்துட்டுப் போயிருந்தா. நான் தப்பா வார்த்து வச்சிருந்தேன், அவ சரி பண்ணியிருக்கா. சந்தேகம் எதுனாலும் அவகிட்டக் கேளுங்க. எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டு அவர் பின்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ரோஷினி முன்னால் வந்தாள். உயர்த்திய பாலத்தை விரலால் தொட்டுக் காட்டிப் பேச ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை அருள்பாண்டி அந்தத் தெரு வழியாக வந்தபோது, இரண்டு கொத்தனார்கள் அண்ணாச்சியின் மாடித் திட்டைச் சம்மட்டியால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே துண்டு துண்டாகக் கான்கிரீட் விழுந்தது. அண்ணாச்சி தெருவில் நின்று, போகிற வண்டிகளையெல்லாம் கையைக் காட்டி ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தார்.